கடல் இரைகிறது என்று மகள் எழுதலாம்: சொல்வளம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

உப்புவெளியில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் தரம் 8. கட்டுரைக் கொப்பியில் மூன்று தவணையாக ஒரே குறிப்புத்தான் வருகிறதாம்: "சொல்வளம் போதாது, வசனங்கள் ஒரே மாதிரி." ஒத்தகருத்துச் சொற்கள் உள்ள புத்தகம் எதை வாங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை சொல் மனப்பாடம் செய்ய வைக்கலாம் என்பது அவருடைய கேள்வி. ஆனால் அதே கேள்வியின் நடுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "வீட்டில் என்றால் வாய் ஓயாமல் கதைப்பாள்." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் உண்மையில் கேட்பது எந்தப் புத்தகம் என்று அல்ல. மகளின் வாயில் இவ்வளவு தமிழ் இருக்கிறதே, அது ஏன் கொப்பிக்கு வருவதில்லை என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் திருகோணமலையில் 27 வருடம் தமிழ் படிப்பித்தவள். முதலில் மூதூர்ப் பக்கம், பிறகு டவுனில். தரம் 6 முதல் சாதாரண தரம் வரையான பிள்ளைகள்தான் என் அனுபவம். சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியோ, தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களைப் பற்றியோ நான் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

ஒரு சம்பவம் சொன்னால் விளங்கும். மார்கழி மாதம், வாடைக்காற்று, வகுப்பில் இருந்தாலே கடல் சத்தம் கேட்கும் பள்ளிக்கூடம். ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி, "இண்டைக்குக் கடல் சரியா இரையுது ரீச்சர்" என்றாள். பத்து நிமிடம் கழித்து அன்றைய தலைப்பான "எங்கள் கடற்கரை"க்கு அவள் எழுதியதைப் பார்த்தால், "கடல் மிகவும் சத்தமாக இருந்தது" என்று இருக்கிறது. இரைதல் எவ்வளவு நல்ல சொல். கடலுக்கென்றே அளந்து தைத்தது போன்ற வினை. அது அவள் வாயில் சும்மா வந்தது, பேனையைக் கையில் எடுத்ததும் ஓடிவிட்டது. ஏன் அப்படி எழுதவில்லை என்று கேட்டேன். "அது கதைக்கிற சொல் ரீச்சர், எழுதக் கூடாது" என்றாள். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு என்பதால் பிள்ளை தனக்குள் ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. "இண்டைக்கு" என்பது "இன்றைக்கு" ஆக வேண்டும், "இரையுது" என்பது "இரைகிறது" ஆக வேண்டும், அவ்வளவுதான். மாற வேண்டியது சொல்லின் வால்தான், சொல் அப்படியே இருக்கலாம். ஆனால் இதை யாரும் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லாததால், வாயில் உள்ள சொல் முழுவதுமே எழுத்துக்கு ஆகாது என்று நினைத்து, பாடப்புத்தகத்தில் கண்ட பத்து இருபது பாதுகாப்பான சொற்களுக்குள் அது ஒதுங்கிவிடுகிறது. அழகாக இருந்தது, மகிழ்ச்சியாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது. இப்படி ஒதுங்கின பிள்ளையைப் பார்த்துச் சொல் இல்லை என்று நாங்கள் எழுதுகிறோம். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த வேலியைத் திறப்பது. மகள் ஒரு விஷயத்தை முதலில் வாயால் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், அவள் சொன்ன நல்ல வினைச்சொற்களை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக் கொடுங்கள், பிறகு அவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். இதை நான் வருடக்கணக்காகச் செய்து பார்த்திருக்கிறேன். மாற்றம் ஒரு தவணைக்குள் தெரியும்.

இனி அந்தப் புத்தகம். ஒத்தகருத்துச் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் நிகண்டைச் செய்யுளாகவே பாடமாக்கினார்கள். அதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன், பழைய பாட்டைப் படித்து விளங்கிக்கொள்ள அது பெரிய உதவி. ஆனால் விளங்கிக்கொள்ளும் சொல்லும் எடுத்து எழுதும் சொல்லும் ஒன்றல்ல. நானும் என் முதல் ஐந்தாறு வருடம் கிழமைக்குப் பத்து ஒத்தகருத்துச் சொல் கொடுத்துச் சொல்வதெழுதல் வைத்தவள்தான். அதன் விளைவை ஒரு கட்டுரையில் கண்டேன். இறத்தல் என்பதற்கு நான் கொடுத்த பட்டியலில் காலமாதல், மடிதல், மாளுதல் எல்லாம் இருந்தன. பிள்ளை நம்பி எழுதியிருந்தது: "எங்கள் நாய்க்குட்டி காலமானது. அம்மம்மா போன வருடம் மடிந்தார்." பிழை பிள்ளையுடையது அல்ல. காலமாதல் பெரியவர்களுக்கு மரியாதையாகச் சொல்வது, மடிதல் போரிலோ பஞ்சத்திலோ கூட்டமாக மாண்டவர்களுக்குப் பொருந்துவது, இது எதையும் பட்டியல் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தமிழில் முழுக்க முழுக்க ஒரே பொருள் தரும் இரண்டு சொல் மிகக் குறைவு. ஆகவே பட்டியல் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

சொல்லைத் தனியே படிக்கக் கூடாது, அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று சேர்த்தே படிக்க வேண்டும். என் வகுப்பில் மிகவும் பலன் தந்த பயிற்சி இதிலிருந்துதான் வந்தது. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "முடிந்தது" என்று எழுதுவார்கள். மழை முடிந்தது, காய்ச்சல் முடிந்தது, கோபம் முடிந்தது. ஒரு நாள் பலகையில் ஒரு பக்கம் பெயர்களை மட்டும் எழுதி, இவை ஒவ்வொன்றும் எப்படி முடியும் என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து சொன்னது. மழை விடும். காற்று ஓயும். காய்ச்சல் இறங்கும். பசி அடங்கும். தாகம் தணியும். கோபம் ஆறும். வெள்ளம் வடியும். விளக்கு அணையும். கிணறு வற்றும். கடைசி வாங்கில் இருந்த ஒருவன், "பள்ளிக்கூடமும் விடும் ரீச்சர்" என்றான். அத்தனையும் அவர்களுக்கு முன்பே தெரிந்த சொற்கள். ஒரு புதுச்சொல்கூட நான் கொடுக்கவில்லை. அடுத்த கிழமை கட்டுரைகளில் வெள்ளம் வடிந்தது, புண் ஆறியது. இதையே தொடக்கத்துக்கும் செய்யலாம்: மழை பிடிக்கும், பசி எடுக்கும், காய்ச்சல் காயும், சண்டை மூளும், பொழுது விடியும். உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாகவே செய்யலாம், அப்பாவும் அம்மம்மாவும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வயதானவர்களிடம் உள்ள வினைச்சொற்கள் அகராதியில் தேடினாலும் சட்டென்று அகப்படாதவை.

வினைச்சொல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. பிள்ளையின் எழுத்து வெளிறிப்போவது பெரும்பாலும் வினையில்தான். சொல்வளம் கூட்டச் சொன்னால் எல்லோரும் அடைமொழியைத்தான் கூட்டுகிறார்கள், "அழகிய நீல நிறமான பரந்த கடல்" என்று. அதில் கடல் ஒன்றும் செய்யவில்லை. "அலை கரையில் மோதிச் சிதறியது" என்றால் ஒரு அடைமொழியும் இல்லை, ஆனால் காட்சி இருக்கிறது. அப்புறம் தமிழில் உள்ள ஒரு பெரிய வசதி துணைவினை, அதாவது ஒரு வினைக்குப் பின்னால் சேர்ந்து அதன் சாயலை மாற்றும் வினை. பிள்ளைகளுக்கு இது பேச்சில் நன்றாகத் தெரியும், எழுத்தில் தொடமாட்டார்கள். "சாப்பிட்டான்" என்ற ஒன்றையே எடுங்கள். சாப்பிட்டுவிட்டான் என்றால் வேலை முடிந்தது. சாப்பிட்டுப் பார்த்தான் என்றால் ருசி அறிய. சாப்பிட்டு வைத்தான் என்றால் பின்னால் பசிக்கும் என்ற யோசனையோடோ, வேண்டாவெறுப்பாகவோ. சாப்பிட்டுத் தீர்த்தான் என்றால் மிச்சம் இல்லை. ஒரே சொல், நாலு மனநிலை. இதற்கு மனப்பாடம் எதுவும் தேவையில்லை, உள்ளதைக் கவனிக்க வைத்தால் போதும்.

சொற்களின் அளவு வித்தியாசத்தைப் படிப்பிக்க எங்கள் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி ஊற்றிக்கொண்டு, அந்தச் சூட்டுக்கு ஒரு சொல் வைக்கச் சொன்னேன், "மிகவும்", "கொஞ்சம்" இரண்டும் பாவிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இளஞ்சூடு, வெதுவெதுப்பு, கதகதப்பு, கையைச் சுள்ளென்று பிடித்த சூடு என்று வந்தது. எது கூடச் சூடு, கதகதப்பா வெதுவெதுப்பா என்று இரண்டு பிள்ளைகள் பஸ்ஸில் வரும்வரைக்கும் வாதாடினார்கள். எது சரி என்பது எனக்குப் பெரிதல்ல. இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி ஒரு பிள்ளை வாதாடத் தொடங்கிவிட்டால், அந்தச் சொற்கள் இனி அதனுடையவை. கன்னியாவுக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் தேத்தண்ணி ஆறும்போது செய்யலாம். கறியின் உறைப்பை வைத்துச் செய்யலாம்.

ஊர்த் தொழில்களில் உள்ள சொற்களையும் விடாதீர்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் அரை மணித்தியாலம் நின்றால் மடி, சம்மாட்டி, வாடி என்று சொற்கள் காதில் விழும். தம்பலகாமத்தில் உறவினர் இருந்தால் வரம்பு, அருவிவெட்டு, சூடடிப்பு, பொலி, பதர். கச்சான் என்று சொன்னால் பிள்ளை கொறிக்கிற கச்சானை நினைக்கும், ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் வறண்ட காற்றுக்கும் அதுதான் பெயர் என்று தெரிந்தால் கண் விரியும். இப்படிப்பட்ட சொற்களைக் கட்டுரையில் எழுதினால் திருத்துபவர் வெட்டுவாரே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஊர்ச்சொல் வேறு, கொச்சை வேறு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கு என்று குறித்து எங்கள் சொற்கள் பலவற்றைச் சேர்த்திருக்கிறது. மகளுக்கு ஒரு புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். அதில் பொருளோடு எடுத்துக்காட்டு வசனமும் இருப்பதுதான் முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள், ஆனால் அது 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. தரம் 8 பிள்ளைக்கு அதில் எது இன்றும் வழங்கும் சொல், எது வழக்கொழிந்தது என்று பிரித்தறிவது கடினம். நீங்கள் பார்க்கலாம், பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். ஒரே மாதிரி வசனம் என்று அந்த ஆசிரியர் சொல்வதில் இரண்டு பிரச்சினை கலந்திருக்கும். ஒன்று சுலபம். எல்லா வசனமும் "நான்" என்று தொடங்கி, நடுவில் "பின்னர்" வரும். தமிழில் "போனேன்" என்றாலே போனது நான்தான், வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். ஒரு பந்தியில் முதல் "நான்" போக மற்றவற்றை வெட்டச் சொல்லுங்கள், பாதி வசனங்கள் தானாகவே வேறு சொல்லில் தொடங்கும். நேற்று, கோவிலடியில், அம்மாவோடு, மழை விட்டதும் என்று எதையும் முன்னுக்குக் கொண்டுவரலாம், வேற்றுமை உருபு இருப்பதால் பொருள் குழம்பாது. வினைக்குப் பக்கத்தில் நிற்பதற்கு அழுத்தம் கொஞ்சம் கூடும், அதையும் வாசித்துக் காட்டினால் பிள்ளைக்குக் காது பிடிபடும்.

மற்றது, சிறு சிறு வசனங்களை இணைக்கத் தெரியாமை. இதற்கு நான் கண்ட ஒரே நல்ல மருந்து, இணைத்துப் பார்க்கவைப்பது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவது மகளுக்குத் தெரிந்திருக்கும். இப்படி நாலு வசனம் கொடுங்கள்: கோட்டைக்குள் மான்கள் நின்றன. அவை புல் மேய்ந்தன. ஒரு பஸ் வந்தது. மான்கள் ஓடவில்லை. இதை ஒரே வசனமாக்கு, ஆனால் மூன்று விதமாக ஆக்கு என்று சொல்லுங்கள். "கோட்டைக்குள் புல் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் பஸ் வந்தும் ஓடவில்லை." "பஸ் வந்தபோது ஓடாமல், நின்ற இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன கோட்டை மான்கள்." "பஸ் வந்தால் மான்கள் ஓடிவிடும் என்று நினைத்தேன், அவை புல்லில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை." முதலாவதில் பெயரெச்சம் ("மேய்ந்துகொண்டிருந்த"), இரண்டாவதில் எதிர்மறை வினையெச்சம் ("ஓடாமல்"), மூன்றாவதில் பார்ப்பவரின் மனமும் உள்ளே வந்துவிட்டது. இந்தப் பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எது உனக்குப் பிடித்திருக்கிறது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும்.

இது என் சொந்த அனுபவம் மட்டுமல்ல. வசனம் இணைக்கும் பயிற்சியை அமெரிக்காவில் 1960களில் இருந்தே ஆராய்ந்திருக்கிறார்கள். 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் தரம் 4 முதல் 12 வரையான மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இணைக்கும் பயிற்சி எழுத்தின் தரத்தை ஓரளவு நன்றாகவே உயர்த்தியதும், இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவது எழுத்தை உயர்த்தாததும் தெரிந்தது. அவை ஆங்கிலம் எழுதும் பிள்ளைகளைப் பற்றியவை, அந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது சரியில்லை. ஆனாலும் எங்கள் மொழி இப்படி முடிவு பெறாத வினைகளான எச்சங்களால் கோக்கப்படும் மொழி என்பதால் இந்தப் பயிற்சி தமிழுக்கு இன்னும் பொருந்துகிறது என்பது என் எண்ணம். எண்ணம் என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் அல்ல.

இணைக்கத் தொடங்கினால் ஒரு புதுப்பிழை வரும், பயப்பட வேண்டாம். "நான் கடற்கரைக்குப் போய் அலை அடித்தது" என்று எழுதுவார்கள். போனது நான், அடித்தது அலை. "போய்" போன்ற எச்சத்தைச் செய்தவரேதான் கடைசி வினையையும் செய்ய வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. ஆகவே "போனபோது" என்று மாற்ற வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" சரிதானே என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சரிதான், அங்கே முதலாவது இரண்டாவதற்குக் காரணமாக நிற்பதால் மரபு அதை ஏற்றுக்கொண்டது. இன்னொரு பிழை, இணைக்கப் பழகிய உற்சாகத்தில் பந்தி முழுவதையும் ஒரே வசனமாக்குவது. அதற்குச் சத்தமாக வாசிக்கவைப்பதே வழி. மூச்சு முட்டும் இடத்தில் முற்றுப்புள்ளி. நீண்ட வசனம் ஒன்றுக்குப் பிறகு மூன்று சொல்லில் ஒரு வசனம் வந்தால் எவ்வளவு பலமாக நிற்கிறது என்பதையும் அப்போதுதான் உணர்வார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் என்று கேட்டீர்கள். நாளைக்கு என்று வேண்டாம், கிழமைக்கு ஐந்து. ஒரு கொப்பியில் சொல், அது எதோடு சேர்ந்து வந்தது, யார் சொன்னது அல்லது எங்கே வாசித்தது, அப்புறம் மகளின் சொந்த வசனம் ஒன்று. திரும்பிப் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒரே இரவில் பத்துத் தடவை எழுதுவதைவிட இடைவெளி விட்டு நாலு தடவை நினைவுகூர்வது நிலைக்கும் என்பது உறுதியான விஷயம், ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே வைத்துச் செய்து 1885இல் வெளியிட்ட பரிசோதனைகளில் தொடங்கிப் பலமுறை உறுதியானது. சரியாக எத்தனை நாள் இடைவெளி என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. நான் அடுத்த நாள், அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று வைத்துக்கொண்டேன், அது கையாளச் சுலபம் என்பதால். கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்க வேண்டும், பார்த்து வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தெரியாது.

வாசிப்பு பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசிக்காமல் சொல் பெருகாது, ஆனால் ஒரு சொல்லை ஒரு தடவை வாசித்தால் அது தங்குவது அரிது. அதனால் அவளுக்குப் பிடித்ததை நிறைய வாசிக்கட்டும், கிரிக்கெட் செய்தி என்றாலும் பரவாயில்லை. ஞாயிறு வீரகேசரியின் விளையாட்டுப் பக்கத்தில் உள்ள வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள்: வீழ்த்தினார், குவித்தார், சுருண்டது, நழுவவிட்டார்.

இரண்டு விஷயத்தில் அவதானமாக இருங்கள். இவற்றால் பரீட்சைப் புள்ளி எவ்வளவு கூடும் என்று என்னால் வாக்குத் தர முடியாது, திருத்துபவருக்குத் திருத்துபவர் வேறுபடும். என் பிள்ளைகள் சிலரின் புள்ளி முதல் தவணையில் குறையவும் செய்தது, புதிதாக முயன்று பிழை விட்டதால். அந்த நேரத்தில் வீட்டில் ஏசினால் பிள்ளை திரும்பவும் "அழகாக இருந்தது" என்பதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். மற்றது, மகள் வாசிக்கும்போதே எழுத்துகளைத் தடவித் தடவி வாசிக்கிறாளா, வரி மாறிப் போகிறதா, பார்த்து எழுதும்போதும் எழுத்து விடுபடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் இது சொல்வளப் பிரச்சினை அல்ல. முதலில் கண்ணைக் காட்டுங்கள், பிறகு வாசிப்புச் சிரமங்களை மதிப்பிடத் தெரிந்த விசேட கல்வி ஆசிரியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அது என் படிப்புக்கு வெளியே உள்ள வேலை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வரும் வழியில் என்ன கண்டாய் என்று கேளுங்கள். கொப்பி வேண்டாம், சும்மா கதைக்கட்டும். அவள் சொன்னதில் நல்ல வினை மூன்றை நீங்கள் குறித்து வையுங்கள். நாளைக்கு அந்த மூன்றையும் அவளிடம் கொடுத்து, ஐந்து வசனம் எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதியதை இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.